இடுப்பு எங்கே மடிகிறது

என் அண்ணி மனிதர்களை முழங்காலை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்வாள். கடைத்தெருவில் யாராவது நின்று பேசினால் முதலில் அவர்கள் முகத்தைப் பார்த்துத் திருதிருவென்று விழிப்பாள். பிறகு கண் கீழே இறங்கும். உடனே முகம் தெளிந்துவிடும். அவர்கள் போன பிறகு, "வலது முழங்கால் உள்பக்கம் சாயும். செவ்வாய், வெள்ளி சாயங்காலம் வருவாரு," என்று என்னிடம் சொல்வாள்.

இதற்குக் காரணம் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி. மரச்சாமான் கடை ஒன்றின் மாடியில் இருக்கும் ஜிம்மில் அண்ணி வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். லாக்கர் சாவி கொடுப்பது, டவல் கொடுப்பது, போனை எடுத்து "இல்லைங்க, நீச்சல் குளம் கிடையாது" என்று சொல்வது. அவளுக்கும் பயிற்சி அறைக்கும் நடுவே ஒரு கண்ணாடிச் சுவர். அதன் மேல்பாதியில் விளம்பரப் படம் ஒட்டியிருந்தார்கள். அதனால் உட்கார்ந்தபடி பார்த்தால் உள்ளே இருப்பவர்கள் இடுப்புக்குக் கீழேதான் தெரிவார்கள். ஐந்து வருஷம் அண்ணி இப்படிக் கால்களாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தக் கால் தப்பாக இறங்குகிறது, எந்தக் குதிகால் தரையை விட்டு எழும்புகிறது, யார் நாளைக்கு வலிக்கிறது என்று லீவு போடப் போகிறார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அண்ணி குண்டு. இதைச் சுற்றி வளைத்து எழுதினால் அவளுக்கே பிடிக்காது. சொந்தக்காரர்கள் "பூசினாப்ல இருக்கா" என்பார்கள். துணிக்கடையில் "உங்களுக்கு ஃப்ரீ சைஸ் பாக்கலாம் மேடம்" என்பார்கள். அண்ணி மட்டும்தான் நேராகச் சொல்வாள். ஆனால் சொல்வது வேறு, காட்டுவது வேறு. எங்கள் வீட்டு ஆல்பத்தில் அண்ணியை முழுதாகக் காட்டும் படம் ஒன்றுகூடக் கிடையாது. ஒன்றில் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறாள், இன்னொன்றில் யாருடைய குழந்தையையோ முன்னால் பிடித்திருக்கிறாள். ஒரு படத்தில் திறந்திருக்கும் ஃப்ரிட்ஜ் கதவுக்கு மேலே அவள் தலை மட்டும் சிரிக்கிறது.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அவனுடைய கம்பெனி வருஷத்துக்கு நான்கு நீலச் சட்டைகள் கொடுக்கும். தைத்தவர் யாரை மனதில் வைத்துத் தைத்தாரோ தெரியாது, இரண்டு அண்ணன்கள் உள்ளே போகலாம். அந்தச் சட்டைகளில் இரண்டு எப்போதும் அண்ணியின் மேல்தான் இருக்கும். தோளிலிருந்து முழங்கால் வரை திரை போட்டதுபோல் தொங்கும். "புருஷன் மேல அவ்ளோ பாசம்" என்று தெருவில் கிண்டல் செய்வார்கள். அண்ணி மறுக்க மாட்டாள். பாசம் என்று நினைத்துக்கொண்டால் நல்லதுதானே.

அவளுக்கு உடற்பயிற்சி தெரியாது என்று நினைக்க வேண்டாம். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை ஜிம்முக்கு இடைவேளை. அண்ணி உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுவிட்டு எல்லாக் கருவிகளிலும் ஒரு சுற்றுப் பயிற்சி செய்வாள், அதுவும் நிலைக்கண்ணாடிகளுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு. ஒருநாள் எங்கள் வாஷிங் மெஷினை நகர்த்துவதற்கு அண்ணன் கயிறு தேடிக்கொண்டிருந்தான். கயிற்றோடு அவன் வருவதற்குள் அண்ணி மெஷினை நகர்த்தி, பின்னால் பெருக்கி, பழைய இடத்திலேயே வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள்.

பதினொரு மணி வகுப்பை எடுத்துவந்த பயிற்சியாளர் வெளிநாடு கிளம்பினார். அது நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான வகுப்பு. மேனேஜர் அண்ணியின் மேசைக்கு வந்து, "நீங்க சர்ட்டிஃபிகேட் வாங்கிட்டு வந்தா அந்த க்ளாஸ் உங்களுக்குத்தான். நாலு மாசம் சமாளிக்கிறேன். அதுக்கு மேல வெளியாள் போட்டுடுவேன்," என்றாராம். அன்றைக்குச் சாப்பிடும்போது அண்ணி இதை ஒரு நகைச்சுவையாகத்தான் எங்களிடம் சொன்னாள்.

"உடம்பைக் குறைக்கணும்னு மாடி ஏறி வர்றவங்க என்னைப் பாத்ததும் அப்படியே திரும்பி இறங்கிடுவாங்க. ஏறி இறங்குனதுலயே குறைஞ்சிடும்."

அண்ணன் சிரிக்கவில்லை. "நான் லிஃப்ட் ரிப்பேர் பண்றேன். என்னை யாராவது முதுகுல தூக்கிட்டு எட்டாவது மாடிக்குப் போகச் சொல்றாங்களா? எங்க சிக்குதுன்னு தெரியணும். அவ்ளோதான் வேலை."

"மனுஷங்க லிஃப்ட் இல்லைங்க."

"சில பேரு லிஃப்டை விட மோசம். எத்தனை தடவை பட்டனை அமுக்கினாலும் அசைய மாட்டாங்க," என்று என்னைப் பார்த்தான். நான் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த காலம் அது.

"அவளை ஏன்டா இழுக்கிற?" என்றாள் அம்மா. பிறகு அண்ணியிடம், "போய்ப் படிச்சுப் பாரும்மா. கிடைச்சா க்ளாஸ், கிடைக்காட்டி அந்த மேசை எங்க ஓடிப் போகுது?" என்றாள்.

படிப்பு ஒரு பயிற்சி நிலையத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தது. அண்ணிக்குத் தசைகளின் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. அதற்கு அண்ணன்தான் கரும்பலகை. சின்னச் சின்ன மஞ்சள் காகிதங்களில் ஒவ்வொரு தசையின் பெயரையும் எழுதி, அவன் படுத்து டிவி பார்க்கும்போது அந்தந்த இடத்தில் ஒட்டுவோம். ஒருநாள் அப்படியே தூங்கிப்போனவன், அழைப்புமணி அடித்ததும் எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டான். பார்சல் கொண்டுவந்தவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அவனை ஒருமுறை நிதானமாகப் படித்துவிட்டுப் போனார்.

எழுத்துத் தேர்வில் அண்ணி வகுப்பிலேயே இரண்டாவது. வீட்டில் எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. ஆனால் செய்முறைத் தேர்வு பாக்கி இருந்தது. அதற்கு அந்தப் பயிற்சி நிலையத்தில் ஒரு விசித்திரமான வழக்கம். தேர்வு எழுதுபவர், இதுவரை உடற்பயிற்சியே செய்யாத நான்கு பேரைத் தானே அழைத்து வர வேண்டும். அவர்களுக்கு மூன்று பயிற்சிகளைத் தேர்வாளர் கண்ணெதிரே புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஏற்கனவே தெரிந்தவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து ஏமாற்றக் கூடாது.

உடற்பயிற்சி செய்யாதவர்களுக்கு எங்கள் வீட்டில் பஞ்சமே இல்லை. அம்மா, அண்ணன், நான் என்று மூன்று பேர் அங்கேயே தேறிவிட்டோம். நான்காவதாக எதிர் வீட்டு மாமா. வங்கியில் முப்பது வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். "உட்காரச் சொன்னா நல்லா உட்காருவேன்," என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

தேர்வன்று அண்ணி நீலச் சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு அணிந்துகொண்டாள். அங்கே தேர்வுக்கு வந்திருந்த மற்றவர்கள் எல்லாம் ஸ்கேல் மாதிரி இருந்தார்கள், உடம்போடு ஒட்டிய உடையில். தேர்வாளர் முடியை ஒட்ட வெட்டிய ஒரு பெண்மணி, கழுத்தில் கயிறு கட்டிய பேனா. அண்ணி உள்ளே நுழைந்ததும் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்துவிட்டு எதையோ குறித்துக்கொண்டார். அண்ணி அதைக் கவனித்தாள். அண்ணி கவனித்ததை நான் கவனித்தேன்.

முதல் பயிற்சி, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. அது நன்றாகப் போனது. இரண்டாவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. மாமா பாதி வெற்றி பெற்றார். உட்கார்ந்தார்.

மூன்றாவதில்தான் வினை. தரையில் இருக்கும் ஐந்து கிலோ எடையை முதுகு வளையாமல் எடுக்க வேண்டும். முதுகு பலகைபோல நேராக இருக்க, இடுப்பு மட்டும் பின்னால் போய் மடிய வேண்டும். அண்ணி அழகாகச் செய்து காட்டினாள். அதாவது, அழகாகத்தான் செய்திருப்பாள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு நீலத் திரை முன்னால் சாய்ந்து, பிறகு நிமிர்ந்தது மட்டும்தான். அம்மா கட்டிலுக்கு அடியில் செருப்பு தேடுவதுபோல் குந்தினாள். அண்ணன் கொக்கியாக வளைந்தான். மாமா குனியவே இல்லை, கைகளை மட்டும் தொடைமேல் வழுக்கவிட்டார். நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியாது, ஆனால் முதுகில் ஏதோ ஒன்று 'கிளுக்' என்றது.

"இடுப்பை மடிக்கணும் அத்தை, முழங்காலை இல்ல."

"அதைத்தானேம்மா செய்றேன்."

அம்மாவைத் திருத்தினால் அண்ணன் கலைந்தான். அண்ணனைத் திருத்தினால் நான் கலைந்தேன். கொடுத்திருந்த பத்து நிமிடம் முடிந்தது. தேர்வாளர் நீளமாக எழுதி, மடித்துக் கொடுத்தார். "மறுதேர்வு. நாலு வாரம் கழிச்சு. புதுசா நாலு பேரோட வாங்க."

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அண்ணி, "நுழையும்போதே தெரிஞ்சிடுச்சு. அவங்க பாத்த பார்வையிலேயே முடிஞ்சுபோச்சு," என்றாள். மடித்த தாளைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் ஒரு புத்தகத்துக்குள் செருகி, எல்லாப் புத்தகங்களையும் பீரோ மேல் ஏற்றினாள். அடுத்த நாள் வழக்கம்போல் மேசைக்குப் போய்விட்டாள். அண்ணன் இரண்டு தடவை பேச்சை எடுத்தான். "விடுங்க. எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல," என்றாள். வருத்தம் இல்லாதவர்கள் இவ்வளவு பாத்திரம் தேய்க்க மாட்டார்கள். ஒன்பது நாளில் எங்கள் வீட்டுப் பாத்திரமெல்லாம் பளபளவென்று ஆகிவிட்டது.

பத்தாம் நாள் அம்மா ஸ்டூல் போட்டு ஏறி அந்தத் தாளை எடுத்துவிட்டாள். அண்ணிக்கு உதவ வேண்டும் என்றெல்லாம் இல்லை. அம்மாவுக்கு வேறு கவலை.

"என்னாலதான் போச்சோன்னு எனக்கு மனசே சரியில்ல. இதுல என் பேரு இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லு," என்று சமையலறையில் வைத்து என்னிடம் நீட்டினாள். அண்ணி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை, கத்தி மட்டும் வேகமானது. நான் சத்தமாகப் படித்தேன்.

குரல், பத்துக்கு ஒன்பது. தவறைக் கண்டுபிடித்தல், பத்துக்குப் பத்து. பாதுகாப்பு, எட்டு. செய்து காட்டுதல், பத்துக்கு இரண்டு. அதற்குக் கீழே எழுதியிருந்தது இதுதான்: 'சட்டை முழங்கால் வரை தொங்குகிறது. இடுப்பு எங்கே மடிகிறது என்று கற்பவர்களுக்குத் தெரியவில்லை. நான்கு பேரும் நான்கு விதமாகக் குனிந்தது அவர்கள் குற்றம் அல்ல. அடுத்த முறை உடல் அசைவு தெரியும்படி உடுத்தி வரவும்.'

"பாத்தியா, என் குற்றம் இல்ல," என்றாள் அம்மா.

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். இரண்டு தடவை படித்தாள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவள் எதிர்பார்த்த வரி முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை. அவளைப் பார்த்தால் நிம்மதியடைந்தவள் மாதிரி தெரியவில்லை. வருஷக்கணக்கில் ஒரு காரணத்தை நம்பிக்கொண்டிருந்துவிட்டு, அது இல்லை என்றால் என்ன செய்வது என்று தெரியாதவள் மாதிரி நின்றாள்.

"சட்டையைப் பேண்ட்டுக்குள்ள விட்டுக்கிட்டு ஒருதரம் செஞ்சு காட்டேன்," என்றாள் அம்மா. "எனக்கும் அது என்னதான் எழவுன்னு தெரியணும்ல."

"வேணாம் அத்தை."

"இங்க யாரு இருக்கா? நானும் இவளும்."

அண்ணி கதவைப் பார்த்தாள். பிறகு சட்டையைச் சுருட்டி உள்ளே திணித்தாள். எனக்கு அவளை நேராகப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. கல்யாணமாகி வந்து ஆறு வருஷத்தில் அவளுடைய இடுப்பை நான் பார்த்ததே இல்லை. அவள் குனிந்தாள். முதுகு நேராக, இடுப்பு பின்னால் போய், தொடையும் வயிறும் சேரும் இடத்தில் ஒரு மடிப்பு. அவ்வளவுதான். பார்த்த மாத்திரத்தில் புரிந்தது.

"ஓ, அங்கயா," என்று அம்மாவும் குனிந்தாள். முதல் தடவையே சரியாக வந்தது. நிமிர்ந்து, அண்ணியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கடைக்காரர் தராசைப் பார்ப்பதுபோல் தீர்ப்புச் சொன்னாள். "உன் இடுப்பு பெருசா இருக்கறது நல்லதுதான்மா. கடைசி வரிசையில நிக்கறவங்களுக்கும் தெளிவாத் தெரியும்."

நான் அம்மாவின் கையைக் கிள்ளினேன். அதற்குள் அண்ணியின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?" என்று அம்மா என்னைக் கேட்டாள்.

மறுதேர்வுக்கு உடம்பை ஒட்டிய டீ-ஷர்ட் வாங்கப் போனோம். அவளுடைய அளவில் கடையில் இருந்தது ஒரே ஒரு நிறம், ஆரஞ்சு. அதுவும் சாலை போடுகிறவர்கள் அணிகிற மாதிரி கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு. அண்ணி பெருமூச்சு விட்டு வாங்கிக்கொண்டாள். கூடவே, கழுத்து வரை ஜிப் போடும் ஒரு கறுப்பு ஜாக்கெட்டும் எடுத்தாள். "சும்மா, போற வழிக்கு," என்றாள்.

நான்கு புது ஆட்களைத் தேடுவது பெரும்பாடாகிவிட்டது. அம்மாவுக்கு வேறு கோபம். இப்போதுதான் தனக்கு நன்றாக வருகிறது, இந்த நேரம் பார்த்துக் கூட்டிப் போக மாட்டேன் என்கிறார்களே என்று. கடைசியில் கீழ்வீட்டுத் தையல்கார அக்கா, அவர் கணவர், அண்ணனோடு வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக், ஜிம்முக்குக் கீழே மரச்சாமான் கடையில் வேலை செய்யும் கார்பெண்டர் என்று நான்கு பேர் சேர்ந்தார்கள். அம்மாவும் அண்ணனும் நானும் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

அதே தேர்வாளர், அதே பேனா. அண்ணி ஜாக்கெட்டோடுதான் தொடங்கினாள். சுவர்ப் பயிற்சி முடிந்தது. நாற்காலிப் பயிற்சி முடிந்தது. தையல்கார அக்கா கணவரை விட நன்றாகச் செய்து, அதை அவரிடம் சொல்லியும் காட்டினார். ஐந்து கிலோ எடைகளைத் தரையில் வைத்தார்கள். அண்ணியின் கை ஜிப்புக்குப் போய் அங்கேயே நின்றது. எங்கள் பெஞ்சில் அண்ணன் தன் முழங்காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தான்.

ஜிப் இறங்கியது. அறையே ஒரு சுற்று வெளிச்சமாகிவிட்டது, அப்படி ஒரு ஆரஞ்சு.

"இப்ப நான் குனியறதைப் பாருங்க," என்று அண்ணி பக்கவாட்டில் திரும்பி நின்றாள். பெண் ஒருத்தி இப்படி நிற்கும்போது உற்றுப் பார்க்கலாமா என்று கார்பெண்டருக்குச் சங்கடம். நல்ல மனிதர். நேராகச் சுவரைப் பார்த்தார். அவரைப் பார்த்து மெக்கானிக்கும் தரையைப் பார்த்தார். அண்ணி குனிந்தாள், நிமிர்ந்தாள். தையல்கார அக்காவும் கணவரும் சரியாகச் செய்தார்கள். கார்பெண்டரும் மெக்கானிக்கும் போன தடவை அண்ணன் செய்ததுபோலவே கொக்கியாக வளைந்தார்கள். தேர்வாளரின் பேனா எழுந்தது.

யாரும் தன்னைப் பார்க்காமல் இருப்பதற்காக இத்தனை வருஷம் பாடுபட்டவள் அண்ணி. பார்க்காமல் இருக்க இரண்டு பேர் மரியாதையாக முயற்சி செய்துகொண்டிருந்தார்கள். அவள் வாயைத் திறக்காவிட்டால் இந்தத் தடவையும் போய்விடும்.

"அண்ணே, சுவத்துல என்ன இருக்கு?" என்றாள்.

"ஒண்ணும் இல்லைங்க."

"அப்ப இங்க பாருங்க. என் இடுப்பைப் பாருங்க. நீங்களும்தான், தரையில எதையும் தொலைக்கலையே? நல்லாப் பாருங்க. மறைக்கற அளவுக்குச் சின்னதாவா இருக்கு?" தொடை மடியும் இடத்தில் தன் உள்ளங்கையை வைத்தாள். "இங்கதான் மடியுது. மேல பலகை, கீழ பலகை. நடுவுல கீல்."

"கீலா?" கார்பெண்டர் முதல் தடவையாகத் திரும்பி, கதவு ஒன்றைப் பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "அதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாங்க?" என்று குனிந்து எடையை எடுத்தார். ஒரு கோணல் இல்லை. மெக்கானிக்கும் எடுத்தார். அம்மா பெஞ்சிலிருந்தே, "நானும் இப்படித்தான் எடுப்பேன்," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள். தேர்வாளர் பேனாவைக் கீழே விட்டுவிட்டுத் தலையாட்டினார்.

பதினொரு மணி வகுப்பு அண்ணிக்குக் கிடைத்தது. முதல் நாள் கூட்டம் குறைவாக இருக்கக் கூடாது என்று அம்மாவும் நானும் போய்ச் சேர்ந்துகொண்டோம். அம்மாவுக்கு வயது பொருந்தும், என் விஷயத்தில் மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். எங்களோடு எட்டுப் பேர். அண்ணி அதே ஆரஞ்சு டீ-ஷர்ட்டில், நிலைக்கண்ணாடிகளுக்கு முன்னால் எங்களைப் பார்த்து நின்றாள்.

முன்வரிசையில் புதிதாக வந்திருந்த ஒரு அம்மாள் அண்ணியைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். அண்ணி வேறு யாரோ, உண்மையான பயிற்சியாளர் இனிமேல்தான் வருவார் என்று நினைத்திருக்க வேண்டும். யாரும் வரவில்லை. பயிற்சி தொடங்கி எல்லோரும் இடுப்பை மடித்துக் குனிந்திருந்த நேரம், அவர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டார். "இவங்களே இப்படி இருக்காங்க," என்று முணுமுணுத்தது எனக்கே கேட்டது. அண்ணிக்கும் கேட்டிருக்கும். கதவு மூடியது.

"மூணு" என்று எண்ணிய அண்ணி நான்கைச் சொல்லவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கை தன்னை அறியாமல் டீ-ஷர்ட்டின் ஓரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தது. அறை முழுக்க ஏழு பேர் முதுகு நேராக, பாதி குனிந்தபடி நின்றிருந்தோம்.

"ஏம்மா," என்று தரையைப் பார்த்தபடியே அம்மாவின் குரல் வந்தது. "இப்படியே எவ்வளவு நேரம்தான் நிக்கறது? தொடை நடுங்குது."

யாரோ சிரித்தார்கள். அண்ணி டீ-ஷர்ட்டை விட்டாள்.

"நாலு," என்றாள். "நிமிருங்க அத்தை. மெதுவா. முழங்காலைப் பூட்டாதீங்க. இன்னும் ஆறு இருக்கு."